செப்புப் பள்ளத்தாக்குகளின் வழியே ரயிலில்: ராராமுரி கைவினைகளைக் காணச் செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மெக்சிக்கோவின் வடமேற்கில், சிவாவா மாநிலத்தின் மேற்குப் பகுதியை நிறைத்து நிற்கும் சியரா மாத்ரே மலைத்தொடரை ஆறுகள் பல லட்சம் ஆண்டுகளாக அறுத்து உண்டாக்கிய ஆழ்பள்ளத்தாக்குகளைச் சேர்த்துச் செப்புப் பள்ளத்தாக்குகள் என்று அழைக்கிறார்கள். உரிக்கே, பத்தோபிலாஸ், சின்ஃபொரோசா, தராரெகுவா, கந்தமேனா எனத் தனித்தனிப் பெயர் கொண்ட இப்பள்ளங்களுள் உரிக்கே 1,800 மீட்டருக்கும் அதிகமான ஆழம் உடையது. இந்த மலையைக் குறுக்காகக் கடந்து, பசிபிக் கரையை ஒட்டிய லோஸ் மோச்சிஸ் நகரத்தையும் உள்நாட்டுச் சிவாவா நகரத்தையும் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீளத்தில் இணைக்கும் ரயில் பாதையை எல்லோரும் செல்லமாக ‘எல் செப்பே’ என்பார்கள். மலைமேட்டில் வாழும் பழங்குடியினரான ராராமுரி மக்கள், பைன் ஊசியிலையாலும் சோத்தோல் என்னும் வறண்ட நிலச் செடியின் இலையாலும் முடையும் கூடைகளுக்கும், கையால் செதுக்கும் வயலின்களுக்கும், கம்பளி நெசவுக்கும் பெயர் பெற்றவர்கள்.

பயணத்தைத் திட்டமிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ரயில் இப்பள்ளத்தாக்குகளின் அடித்தளத்துக்கு இறங்குவதில்லை. செப்தென்த்ரியோன் ஆற்றின் குறுகிய பள்ளத்தின் வழியே மேலேறி, பிறகு பைன் காடுகளுக்கு நடுவில் மேட்டு விளிம்பை ஒட்டி ஓடுகிறது. உரிக்கே பெரும்பள்ளத்தின் முழுக் காட்சி திவிசதேரோ நிலையத்தில் இறங்கிச் சில அடிகள் நடந்தால்தான் கிடைக்கும். ரயில் அங்கே நிற்பதோ சிறிது நேரம். அந்தக் குறுகிய நேரத்துக்குள் காட்சியையும் பார்த்து, உணவும் வாங்கி, கூடைகளையும் தேர்ந்தெடுக்க முயல்பவர் மூன்றையும் அரைகுறையாகவே செய்வார். ஆகவே ஒரே நாளில் கடந்து செல்லாமல், குறைந்தது இரண்டு இடங்களில் இறங்கித் தங்கும்படி பயணத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் முதன்மையான அறிவுரை; கீழே வருவன எல்லாம் அதைச் சார்ந்தே அமைந்தவை.

முதல் படி: திசையையும் பருவத்தையும் முடிவு செய்தல்

லோஸ் மோச்சிஸிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படுவது நல்லது. காலையில் கிளம்பும் ரயில், பாதையின் மிக அழகான பகுதியை நண்பகலை ஒட்டிய நல்ல வெளிச்சத்தில் கடக்கும். சிவாவா பக்கத்திலிருந்து தொடங்கினால் தெமோரிஸ் மலைவளைவுகளுக்கு வந்து சேரவே மாலையாகிவிடும். குளிர்காலத்தில் அப்பகுதி முழுவதையும் இருட்டில் கடக்க நேரலாம்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைக்குப் பிந்தைய வாரங்கள், அதாவது செப்டம்பர் இறுதியும் அக்டோபரும், மிகச் சிறந்தவை: அருவிகளில் நீர் இருக்கும், மலை பச்சையாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும். மே, ஜூன் மாதங்களில் கரையோரச் சமவெளியில் வெயில் 40 பாகையை எட்டும், மேட்டு நிலமும் காய்ந்து கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, ரயில் பாதையை ஒட்டி மலைமேட்டில் இருக்கும் கிரீல் ஊரில் பனி பெய்வது உண்டு. கிரீலின் உயரம் ஏறத்தாழ நம் உதகமண்டலத்தின் உயரமே என்றாலும், அங்குள்ள குளிர்கால இரவுகள் உதகையைவிட மிகக் கடுமையானவை; உறைநிலைக்குக் கீழே வெப்பம் இறங்குவது அங்கு வழக்கம். அதே நாளில் பள்ளத்தின் அடியில் வாழையும் பப்பாளியும் விளையும் அளவுக்கு வெதுவெதுப்பு நிலவும். எனவே எந்த மாதத்தில் சென்றாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அணியக்கூடிய உடைகளை எடுத்துச் செல்ல வேண்டும்.

புனித வாரத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில், ரயிலிலும் விடுதிகளிலும் இடம் கிடைப்பது அரிது. அதே வாரத்தில்தான் ராராமுரி ஊர்களில் முரசு முழக்கத்தோடு பெரிய சடங்குகளும் நடக்கின்றன. அவற்றைக் காண விரும்புவோர் பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: நுழைவு அனுமதியும் போய்ச்சேரும் வழியும்

இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு மெக்சிக்கோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது செங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசாவை வைத்திருப்பவர்கள், தனி மெக்சிக்கோ விசா இல்லாமல் சுற்றுலாப் பயணிகளாக நுழைய அந்நாடு அனுமதித்து வந்திருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் விமானச்சீட்டு எடுப்பதற்கு முன் மெக்சிக்கோ தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். லோஸ் மோச்சிஸ், சிவாவா ஆகிய இரு நகரங்களுக்கும் மெக்சிக்கோ நகரத்திலிருந்து உள்நாட்டு விமானங்கள் உண்டு. ஒன்றில் இறங்கி மற்றொன்றிலிருந்து திரும்பினால், வந்த வழியே மீளும் நேரம் மிச்சமாகும்.

பலர் கவனிக்கத் தவறும் செய்தி நேர வேறுபாடு. லோஸ் மோச்சிஸும் எல் ஃபுவெர்த்தேயும் சினலோவா மாநிலத்தில் உள்ளன; திவிசதேரோவும் கிரீலும் சிவாவா மாநிலத்தில் உள்ளன. சிவாவாவின் கடிகாரம் சினலோவாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடுதி வண்டிக்கோ வழிகாட்டிக்கோ நேரம் சொல்லும்போது எந்த மாநில நேரம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: ரயிலைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் பாதையில் இரண்டு வகைப் பயணிகள் ரயில்கள் ஓடுகின்றன. 2018-இல் தொடங்கப்பட்ட செப்பே எக்ஸ்பிரஸ் சுற்றுலாப் பயணிகளுக்கானது. பெரிய கண்ணாடிச் சன்னல்கள், உணவகப் பெட்டி, திறந்த வெளிக்காட்சி பார்க்கும் பெட்டி ஆகியவற்றோடு லோஸ் மோச்சிஸுக்கும் கிரீலுக்கும் இடையே ஓடும் வண்டியாகவே அது அறிமுகமானது. மற்றது செப்பே ரெஜியோனல். இது உள்ளூர் மக்களுக்கானது. சிவாவா வரை செல்கிறது, கட்டணமும் வெகுவாகக் குறைவு, நிற்கும் நிலையங்களும் மிகுதி. இரண்டுமே வாரத்தின் எல்லா நாட்களிலும் ஓடுவதில்லை. நாட்களும் நேரங்களும் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. ஆகையால் முதலில் ரயில் ஓடும் நாட்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு ஏற்பவே விடுதிகளைப் பதிவு செய்ய வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் அடுத்த ரயில் வரும்வரை ஒரே ஊரில் காத்திருக்க நேரும்.

எக்ஸ்பிரஸில் இடையே இறங்கித் தங்க விரும்பினால், இறங்கும் நிலையங்களையும் மீண்டும் ஏறும் தேதிகளையும் முன்பதிவின்போதே குறிப்பிட வேண்டும். என்னைக் கேட்டால், சமவெளியிலிருந்து திவிசதேரோ வரையிலான நீண்ட ஏற்றத்துக்கு எக்ஸ்பிரஸும், மேட்டில் உள்ள குறுகிய தூரங்களுக்கு, நாள் பொருந்தினால், ரெஜியோனலும் பொருத்தமானவை. ராராமுரி குடும்பங்கள் மூட்டைகளோடு ஏறி இறங்குவதை ரெஜியோனலில்தான் பார்க்க முடியும்.

கிழக்கு நோக்கிச் செல்லும்போது வலப்பக்க இருக்கைகளே சிறந்தவை என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதை அடிக்கடி ஆற்றைக் கடந்து பக்கம் மாறுவதால், இடப்பக்கம் கிடைத்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. பெட்டிகளுக்கு இடையே எழுந்து நடந்து இரு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: எல் ஃபுவெர்த்தேயில் ஓர் இரவு

லோஸ் மோச்சிஸ் அதிகாலையில் ரயிலேற வேண்டிய ஒரு வணிக நகரம். அங்கே இரவு தங்குவதைவிட, அடுத்த பெரிய நிலையமான எல் ஃபுவெர்த்தேயில் தங்கி மறுநாள் ஏறுவது இனிமையானது. தூக்கமும் கூடுதலாகக் கிடைக்கும். 1564-இல் நிறுவப்பட்ட இந்த ஸ்பானியக் காலத்து ஊரைச் சுற்றி யொரெமே என்னும் மாயோ பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய சடங்கு ஆட்டங்களுக்கான மரமுகமூடிகளும், கால்களில் கட்டிக்கொள்ளும் கூட்டுப்புழுக் கூடுகளாலான சலங்கைகளும் ராராமுரி கைவினைகளிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை. மலை ஏறுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிட்டால், பின்னால் பார்க்கும் பொருள் எந்த மக்களுடையது என்று கண் தானே பிரித்தறியும்.

ஐந்தாம் படி: ஏற்றத்தில் கவனிக்க வேண்டியவை

இந்தப் பாதையின் கனவு 19-ஆம் நூற்றாண்டில் பிறந்தது. லோஸ் மோச்சிஸுக்கு அருகிலுள்ள டோபோலோபாம்போ விரிகுடாவைத் துறைமுகமாக்கி அமெரிக்காவின் நடுப்பகுதியைப் பசிபிக் கடலோடு குறுக்குவழியில் இணைக்க ஆல்பர்ட் கின்சி ஓவன் என்ற அமெரிக்கப் பொறியாளர் முயன்றார். பின்பு ஆர்தர் ஸ்டில்வெல் 1900-இல் அதே திட்டத்தைக் கையில் எடுத்தார். இருவராலும் மலையைக் கடக்க முடியவில்லை. மெக்சிக்கோப் புரட்சியும் பணமுடையும் குறுக்கிட்டன. இறுதியில் மெக்சிக்கோ அரசே பொறுப்பேற்று முடித்து, 1961 நவம்பரில் அதிபர் அடோல்ஃபோ லோபெஸ் மத்தேயோஸ் பாதையைத் திறந்துவைத்தார். 80-க்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகளும் 30-க்கும் மேற்பட்ட பாலங்களும் இதில் உள்ளன.

எல் ஃபுவெர்த்தேயைத் தாண்டியதும் சற்று நேரம் முள்காடுகளும் தூண் போன்ற கள்ளிகளும்தான் தெரியும். அதைக் கண்டு ஏமாற்றமடைய வேண்டாம். ஃபுவெர்த்தே ஆற்றின் நீளமான பாலமும், பிறகு சினிப்பாஸ் ஆற்றின் உயரமான பாலமும் வந்தபின் மலை நெருங்கத் தொடங்குகிறது. எழுந்து நிற்க வேண்டிய இடம் தெமோரிஸ். பள்ளத்தாக்கின் ஒரே சரிவில் மூன்று அடுக்குகளாகத் தண்டவாளங்கள் கிடக்க, ரயில் மலைக்குள் நுழைந்து சுரங்கப்பாதைக்குள்ளேயே அரைவட்டம் திரும்பி, வந்த திசைக்கு எதிராக மேல்மட்டத்தில் வெளிவருகிறது. சற்று முன் கடந்துவந்த பாலம் இப்போது காலடியில் தெரியும். எதிர்ச்சரிவில் அருவி விழும். பாதை திறக்கப்பட்டதன் நினைவாகப் பழைய தண்டவாளங்களைக் கொண்டே பெரிய எழுத்துகளில் அமைத்த பலகையும் நிற்கும். நேரான ஏற்றத்துக்கு இடமில்லாத செங்குத்துச் சரிவில், நீளத்தைக் கூட்டிச் சாய்வைக் குறைத்த அந்தப் பொறியாளர்களின் திறமையை முழுமையாகப் புரிந்துகொள்ள, கண்ணாடிச் சன்னலைவிடத் திறந்த பெட்டியே ஏற்றது.

தெமோரிஸுக்குப் பிறகு கள்ளிகள் மறைந்து ஓக்கும் பைனும் தோன்றுகின்றன. பவுயிச்சீவோ நிலையத்தில் இறங்கினால் செரோகாவி ஊருக்கும் உரிக்கே பள்ளத்தின் அடிக்கும் செல்லலாம். ஆனால் 2022 ஜூனில் செரோகாவி தேவாலயத்துக்குள் இயேசு சபைப் பாதிரியார்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டதை மறந்துவிடலாகாது. போதைப்பொருள் கும்பல்களின் பிடி இம்மலையின் உட்பகுதிகளில் இன்னும் நீங்கவில்லை. ஊரின் அழகு உண்மையானதே என்றாலும், முதன்முறை செல்வோர் ரயில் பாதையை ஒட்டிய திவிசதேரோ, கிரீல் பகுதிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வேறெங்கு சென்றாலும் விடுதியினர் பரிந்துரைக்கும் உள்ளூர் வழிகாட்டியோடு, பகலில் மட்டுமே செல்லுங்கள்.

ஆறாம் படி: திவிசதேரோவில் தங்குதல்

திவிசதேரோ நிலையத்தின் மேடையிலேயே ஒரு சிறு சந்தை இருக்கிறது. எண்ணெய்ப் பீப்பாய்களை வெட்டிச் செய்த அடுப்புகளில் நீலநிற, வெள்ளைநிற மக்காச்சோள மாவால் கோர்தித்தா என்னும், உள்ளே கறி நிரப்பிய தடித்த ரொட்டிகளைச் சுடுகிறார்கள். மரக்கறி உண்போர் பீன்ஸ், உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, நோப்பால் கள்ளி ஆகியவற்றை நிரப்பச் சொல்லலாம். வடமெக்சிக்கோவில் பீன்ஸைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள் என்பதால் “மந்தேக்கா” கலந்திருக்கிறதா என்று கேட்பது அவசியம்.

தங்குவதற்கு, நிலையத்தையும் அடுத்துள்ள பொசாதா பர்ராங்காஸையும் ஒட்டி விளிம்பிலேயே விடுதிகள் உள்ளன; அருகிலுள்ள அரெப்போனாபுச்சி சிற்றூரில் குடும்பங்கள் நடத்தும் எளிய அறைகளும் உண்டு. ரயில் போனபின் மேடையின் நெரிசல் அடங்கிவிடும். விளிம்பின் ஓரமாக நடந்தால், ஆங்காங்கே பெண்கள் துணி விரித்து, விற்பனைக்கான கூடைகளை அடுக்கிவைத்துவிட்டு அடுத்த கூடையை முடைந்துகொண்டிருப்பதைக் காணலாம். அருகில் உள்ள சாகசப் பூங்காவில் 2010 முதல் இயங்கும் கம்பிவடத் தொங்கூர்தி, பள்ளத்தின் மேலாக ஏறத்தாழ 3 கிலோமீட்டர் சென்று நடுவே ஒரு பாறை முகட்டில் இறக்கிவிடுகிறது. அந்த முகட்டிலும் கைவினை விற்கும் பெண்கள் இருப்பார்கள். காலை வேளையில் முதல் ஊர்தியில் சென்றால் காற்றும் குறைவு, கூட்டமும் குறைவு.

ஏழாம் படி: கைவினைகளை அறிந்து வாங்குதல்

இங்கேதான் வாசகர் மிகுந்த பொறுமையைக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூடை முடைதல் பெரும்பாலும் பெண்களின் தொழில். ஆடு மேய்க்கும்போதும் வெயில் காயும்போதும் கை ஓயாமல் முடைந்துகொண்டே இருப்பார்கள். மூலப்பொருள் இடத்துக்கு ஏற்ப மாறும். குளிர்ந்த மேட்டில் நீண்ட பைன் ஊசியிலைகளையும், வறண்ட சரிவுகளில் சோத்தோல் இலையையும், வெப்பமான அடிப்பகுதியில் பனை வகை ஓலைகளையும் பயன்படுத்துகிறார்கள். புதிய ஊசியிலைக் கூடை பச்சையாக இருக்கும், பைன் மணம் வீசும். மாதங்கள் செல்லச் செல்லப் பழுப்பாக மாறும். பச்சை நிறம் நிலைக்கும் என்று எதிர்பார்த்து வாங்கலாகாது. நிறம் மாறுவது குறையும் அன்று.

தரத்தைப் பார்க்க எளிய வழி கூடையைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பதே. இழைகள் ஒரே அகலத்தில் கிழிக்கப்பட்டு, இடைவெளி இன்றிச் சேர்ந்திருக்க வேண்டும். சிறந்த கூடைகள் இரட்டைப் பின்னலால் ஆனவை: உட்சுவரும் வெளிச்சுவரும் தனித்தனியே முடையப்பட்டு விளிம்பில் ஒன்றாகத் திரும்பும். இவ்வகைக் கூடையின் உட்பக்கத்தைத் தொட்டுப்பார்த்தால் வெளிப்பக்கம் போலவே வழவழப்பாக இருக்கும், முனைகள் எங்கும் துருத்தா. உள்ளங்கைக்குள் அடங்கும் மூடியிட்ட சிறு கூடைகளை மலிவான நினைவுப்பொருள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்; சிறிய அளவில் நெருக்கமாக முடைவதற்கே அதிகக் கைத்திறன் வேண்டும். பின்னால் சாயம் ஏற்றிய பளிச்சிடும் கூடைகளைவிட, இலையின் இயற்கை நிற வேறுபாட்டைக் கொண்டே கோடு அமைத்தவற்றை நான் உயர்வாக மதிக்கிறேன்.

வயலின் ராராமுரி மக்களுக்கு இயேசு சபைப் பாதிரியார்கள் வழியாக வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் மலைக்கு வந்த அவர்கள் 1767-இல் ஸ்பானிய அரசால் வெளியேற்றப்பட்டபின்பும் வயலின் அங்கேயே தங்கி, குளிர்கால மத்தாச்சின் ஆட்டங்களின் இசைக்கருவியாக வேரூன்றிவிட்டது. காட்டு மரத்தில் எளிய கருவிகளால் செதுக்கிச் செய்யப்படுவதால் ஒவ்வொன்றின் ஒலியும் வேறு. விற்பனைக்கு வருபவற்றுள் சில சுவரில் மாட்டுவதற்கு மட்டுமே செய்யப்பட்டவை. வாசிக்கத்தக்கது வேண்டுமானால், நரம்பு மாட்டி வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்டு, திருகாணிகள் நழுவாமல் நிற்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். தவக்காலத்து முரசுகள் ஆட்டுத்தோல் போன்ற தோல்களால் இருபுறமும் மூடப்பட்டவை. புனித வாரம் நெருங்கும்போது இவை மலையெங்கும் ஒலிக்கும்.

நெசவில், தரையில் கிடைமட்டமாகக் கிடத்திய மரத்தறியில் நெய்யும் கம்பளிப் போர்வைகளும், முக்கோண வடிவங்கள் நிறைந்த இடைக்கச்சுகளும் சிறப்பானவை. கையால் நூற்ற கம்பளி சற்றுக் கரடுமுரடாகவும், நூலின் தடிமன் சீரற்றும் இருக்கும். ஆட்டு மணமும் இருக்கும். பைன் மரப்பட்டையில் செதுக்கிய முகங்களும் துணி உடுத்திய மரப்பொம்மைகளும் எங்கும் கிடைக்கும்.

விலை பேசும் முறை நம் சந்தைகளின் முறை அன்று. ராராமுரி பெண்கள் கூவி அழைப்பதில்லை. விலையை மெல்லிய குரலில் ஒருமுறை சொல்லிவிட்டு அமைதியாக இருப்பார்கள். அந்த அமைதியைப் பேரத்துக்கான அழைப்பாகக் கொள்ளக் கூடாது. ஊசியிலை பறிப்பதிலிருந்து தொடங்கிப் பல நாட்களின் உழைப்பு ஒரு நல்ல கூடையில் இருக்கிறது. மக்காச்சோளம் பொய்த்துப்போகும் ஆண்டுகளில் குடும்பத்தின் உணவுக்கு இந்தப் பணமே துணை. ஆகவே சொன்ன விலையைக் கொடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் சிறிய பொருளை வாங்குங்கள். சிறு மதிப்புள்ள பெசோத் தாள்களும் நாணயங்களும் கையில் இருக்க வேண்டும், ஏனெனில் பெரிய தாளுக்கு அவர்களிடம் சில்லறை இராது. அரெப்போனாபுச்சியில் பண இயந்திரத்தை நம்பியிராமல், லோஸ் மோச்சிஸிலோ கிரீலிலோ பணம் எடுத்துக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகள் கைப்பட்டைகளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தால், அவர்களிடம் வாங்காமல் அருகே அமர்ந்திருக்கும் தாயிடமோ பாட்டியிடமோ சென்று வாங்குவது மேல். பிள்ளைகளை விற்பனைக்கு அனுப்பும் வழக்கம் நம் கையால் வளரக் கூடாது.

ஒளிப்படம் எடுப்பதில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கேட்காமல் முகத்தின்மேல் கருவியைத் திருப்புவதை அவர்கள் மிகவும் வெறுக்கிறார்கள். பொருளை வாங்கியபின் அப்பொருளை மட்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள். தலையசைத்தால் எடுங்கள், முகம் திருப்பினால் விட்டுவிடுங்கள். பல பெண்கள் ஸ்பானிய மொழியைக் குறைவாகவே பேசுவார்கள். ராராமுரி மொழியில் வணக்கத்துக்கும் நன்றிக்கும் உரிய சொற்களை விடுதியில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு சென்றால் பேச்சு இலகுவாகத் தொடங்கும்.

எட்டாம் படி: கிரீலிலிருந்து சுற்றுதல்

திவிசதேரோவிலிருந்து கிரீல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ரயில் இல்லாத நாளில் பேருந்திலும் வரலாம். நிலையத்தின் எதிரிலேயே சதுக்கம், அதைச் சுற்றிக் கைவினைக் கடைகள். கத்தோலிக்க மிஷன் மருத்துவமனைக்குத் துணையாக நடத்தப்பட்டுவந்த கடை ஒன்றும் அவற்றுள் உண்டு. கடைகளில் முதலில் பார்த்துத் தரத்தையும் விலையையும் தெரிந்துகொண்டு, வாங்குவதை முடிந்தவரை ஊர்ப்புறத்தில் செய்தவரிடமே வைத்துக்கொள்ளலாம். எனினும் நல்ல போர்வையும் பெரிய கூடையும் கடைகளிலேயே எளிதாகக் கிடைக்கின்றன.

ஊரின் தெற்கே அரரேக்கோ ஏரியும், சான் இக்னாசியோ தேவாலயத்தைச் சூழ்ந்த ராராமுரி குடியிருப்புகளும், காளான் வடிவிலும் தவளை வடிவிலும் நிற்கும் பாறைகள் நிறைந்த வெளிகளும் உள்ளன. மிதிவண்டியிலேயே சென்று வரலாம். நிலம் ஊர்ச்சமூகத்துக்குச் சொந்தமானது. நுழைவில் கேட்கும் சிறு கட்டணத்தைத் தயங்காமல் செலுத்துங்கள். இன்னும் தெற்கே குசாராரேயில் 30 மீட்டர் அருவியும் பழைய மிஷன் தேவாலயமும் இருக்கின்றன. 246 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பசாசெயாச்சி அருவியைக் காண ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். மழைக்காலத்துக்குப் பின் அன்றி அங்கே நீர் மெலிந்திருக்கும்.

கிரீலிலிருந்து சிவாவா நகரத்துக்குப் பேருந்தில் செல்வதே விரைவானது. வழியில் குவாவ்தேமோக் வட்டாரத்தில், 1920-களில் கனடாவிலிருந்து வந்து குடியேறிய மென்னனைட் சமூகத்தினரின் பாலாடைக்கட்டியும் ஆப்பிள் தோட்டங்களும் புகழ்பெற்றவை.

ஒன்பதாம் படி: வாங்கியவற்றை வீடு சேர்த்தல்

கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, உள்ளே உடைகளைச் செருகி, கைப்பையாகவே எடுத்துச் செல்லுங்கள். சரக்குப் பெட்டியில் நசுங்கினால் சோத்தோல் கூடை நிமிரும், ஊசியிலைக் கூடை முறியும். வயலினின் நரம்புகளைத் தளர்த்திவிட்டு, நரம்புகளைத் தாங்கும் ‘குதிரை’ என்னும் சிறு மரத்துண்டைக் கழற்றிப் போர்வைக்குள் சுற்றவும். கூடை, மரம், தோல் ஆகியவை தாவர, விலங்குப் பொருள்களாதலால், அமெரிக்கா வழியாகத் திரும்பினாலும் நேராக இந்தியா வந்தாலும் சுங்க அறிவிப்பில் அவற்றைக் குறிப்பிட வேண்டும். மயிரோடு கூடிய தோல், மண் ஒட்டிய அடிப்பாகம், உலராத இலை ஆகியவற்றால் சிக்கல் எழக்கூடும் என்பதால், பச்சையான கூடையைச் சில நாட்கள் நிழலில் உலரவிட்டு, பூச்சி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தபின் கட்டுவது நல்லது. முரசு வாங்குவோர் எந்த விலங்கின் தோல் என்று விற்பவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டுத்தோல் என்று தெளிவாகச் சொல்ல முடியாத முரசை விமானப் பயணிகள் வாங்காமல் விடுவதே சரி. ஊருக்கு வந்தபின் கூடைகளை நேர் வெயிலிலும் ஈரமான சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால், உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்துக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரில் கழுவக் கூடாது.